சங்க மண்டபத்தின் தீராந்திகள்

நெசவாளர் சங்க மண்டபம் நின்ற காணியில் புது மண்டபம் கட்டப்போகிறார்கள் என்றதும், வாசலில் காலமான அப்பாவின் பேர் பொறித்த கல் வைக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். பழைய சங்கத்துக்குக் கடைசித் தலைவர் அவர்தான். எங்கள் ஊரான சரவணையில் அங்கே நெய்த சாறத்தைக் கட்டாத ஆண்பிள்ளை இருந்திருக்க முடியாது. ஆனால் ஒருவரும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் செருமினார். செயலாளர் எழும்பிப் போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையோ மறைக்கிறார்கள். ஷெல் விழுந்துதான் மண்டபம் உடைந்தது என்பது ஊர் எனக்குச் சொன்ன கதை. ஊர் இடம்பெயர்ந்த காலத்தில் நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். பிறகு வந்து பார்த்தபோது வெறும் தரை. ஷெல்லுக்கு ஓடு இறக்கவும் ஆணி பிடுங்கவும் தெரியுமா? யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றியவர்களுக்கு அப்பாவின் பேர் உறுத்தத்தானே செய்யும்.

அன்றிலிருந்து போகிற வீடுகளில் எல்லாம் அண்ணாந்து பார்த்தேன். கூரையைத் தாங்கும் பனந்தீராந்தியில்தான் தறிக் கயிறுகளைக் கட்டுவார்கள். மிதிக்க மிதிக்கக் கயிறு உரசி, மரத்தில் வழுவழுவென்று பள்ளம் விழும். அப்படி ஒன்றைச் செயலாளர் வீட்டுக் குசினியில் கண்டேன். செருமியவர் வீட்டு விறாந்தையில் இரண்டு. நான் மேலே பார்ப்பதை அவருடைய மனைவி கண்டார்; ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

கொதிப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொப்பை எடுத்தபடி சொன்னேன்.

"கள்ளர் எல்லாரும் சேர்ந்து அப்பாவின்ரை பேரை அமத்தப் பாக்கினம்."

"விசர்க்கதை கதையாதை. கழட்டினது அப்பாதான்."

நான் முறைத்தேன்.

"சனம் ஊருக்குத் திரும்பின நேரம் ஒருத்தருக்கும் கூரை இல்லை. சங்கத்தின்ரை மரத்தைச் சங்கத்து ஆக்களுக்கே வித்தவர். வித்த காசிலை சங்கத்துக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை. உன்ரை கலியாணத்துக்கு வேறை எங்காலை காசு?"

"ஊருக்குத் தெரியுமோ?"

"ஓம். எல்லாருக்கும் தெரியும். உன்ரை முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் இருக்கினம்."

வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்பாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. உருவின இலையையே திரும்பவும் உருவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் பேர்க்கல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.