டொள்ளண்ணா பேசிய தமிழ்

டிவி சூடாகும்போது ஒரு வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? தூசியும் மரமும் சேர்ந்து லேசாகக் கருகுகிற மாதிரி... அந்த வாசனை வந்தால்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஓசூரில் அப்போதெல்லாம் ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் பெங்களூர்தான் பளிச்சென்று தெரியும். சென்னை வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து, கல்லாவியிலிருந்து நாங்கள் குடிவந்த புதிது. லைன் வீடு. அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே டிவி, ஹவுஸ் ஓனர் ரத்னம்மா அக்கா வீட்டில்.

அதில்தான் டொள்ளண்ணா வருவான்.

துணிப் பொம்மை. கன்னடத்தில் டொள்ளு என்றால் தொந்தி... பெயருக்கேற்ற தொந்தி. கண்ணுக்குப் பதில் இரண்டு பித்தான். கையை ஆட்டினால் தொந்தியும் சேர்ந்து ஆடும். வருவதே பத்து நிமிஷம்தான், அதற்கு நாங்கள் பண்ணிய அலப்பறை இருக்கிறதே! அப்பா கொண்டுவரும் பழைய கம்பெனி கிளவுஸில் பனியன் வேஸ்ட்டை அடைத்து ஆளுக்கொரு டொள்ளண்ணா செய்து வைத்திருந்தோம். மெஷின் ஆயில் நாறும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியவள் நான். அம்மா அதைத் தூக்கி எறிந்த அன்று சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே சிக்கல்... அவன் பேசுவது கன்னடம். கல்லாவிக்காரிக்கு ஒரு எழவும் புரியாது.

அதற்குத்தான் நஸ்ரீன் இருந்தாள். பக்கத்து போர்ஷன், என் கிளாஸ். அப்பாவை அத்தா என்பாள்; அவர் சந்தை சந்தையாகப் போய் வெங்காயம், பூண்டு விற்பவர். வீட்டில் தமிழ்தான். ஆனால் அம்மா வழியில் ஆனேக்கல் பக்கம் என்பதால் கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு, டொள்ளண்ணா வாயைத் திறக்கத் திறக்க இவள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவன் குரலிலேயே.

கதை இதுதான். டொள்ளண்ணாவின் அம்மாவைக் காணவில்லை. அவன் தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு வாரம் பாரூர் ஏரிக்கரையில் கொக்கிடம் கேட்பான். இன்னொரு வாரம் சிங்காரப்பேட்டைச் சந்தையில் வெங்காய மூட்டையிடம் கேட்பான். திரையில் பார்த்தால் பயல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். போய்விட்டு வந்து சொல்கிறான் என்பாள் நஸ்ரீன். பெங்களூர் பொம்மைக்குச் சிங்காரப்பேட்டை எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருத்திக்காவது கேட்கத் தோன்ற வேண்டுமே... ம்ஹூம்.

ஊர் நினைப்பு வந்து நான் பள்ளிக்கூடத்தில் அழுதேன் ஒருமுறை. அந்த ஞாயிற்றுக்கிழமை நஸ்ரீன் என் பக்கம் திரும்பினாள்.

"டொள்ளண்ணா கல்லாவிக்குப் போயிருக்கான்டி. உங்க ஸ்கூலாண்ட நின்னுக்கிட்டு, உன்னயத்தான் கேக்கறான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டிவியில் வருகிறவன் என்னைக் கேட்கிறான்! அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஏழாவது முழுப்பரீட்சை லீவில் டொள்ளண்ணாவுக்குத் துப்பு கிடைத்தது. ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் அம்மா. கிடைத்தாளா, கிடைத்தாளா என்று நஸ்ரீனைப் பிய்த்து எடுத்தேன். அடுத்த வாரம் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரத்துக்குள் அவள் அத்தா வியாபாரத்தைத் தாவணகெரேவுக்கு மாற்றிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நஸ்ரீன் இல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன். டொள்ளண்ணா தொந்தி குலுங்கக் குலுங்க என்னவோ பேசினான். அம்மா கிடைத்தாளா இல்லையா, ஒன்றும் புரியவில்லை. பாதியில் அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

இன்று நானும் கம்பெனிக்காரிதான். குவாலிட்டி செக்ஷன். லைனில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், பேசிப் பேசி எனக்கும் நன்றாகவே வந்துவிட்டது. போன மாதம் கூட வேலை பார்க்கிற பெண் ஒரு பழைய வீடியோவை போனில் அனுப்பினாள். திறந்தால்... டொள்ளண்ணா! கம்பெனி பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

நகம் வெட்டு, கை கழுவு, ரோட்டைப் பார்த்துக் கட. அவ்வளவுதான் பேசுகிறான். தேடிப்பிடித்து இருந்த வீடியோ எல்லாவற்றையும் பார்த்தேன். பல் தேய்க்கிறான், குப்பையைத் தொட்டியில் போடுகிறான். ஏரியும் இல்லை, சந்தையும் இல்லை. அம்மா என்பது கன்னடத்திலும் அம்மாதான்... அந்த வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

மனசு கேட்கவில்லை. ரத்னம்மா அக்காவைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றும் பேசுகிறவர். அன்றைக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளையோட அம்மா தவறிப்போன வருசம் அது," என்றார். "பொம்ம என்னா பேசுனா நமக்கென்ன? நானே அடுப்ப அணைச்சிட்டு வந்து, அது சொல்றததான் கேட்டுக்கிட்டு நிப்பேன்."

நஸ்ரீனுக்கு அம்மா இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத வயசு. அவள் வாரா வாரம் யாரைத் தேடினாள் என்று இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்... பக்கத்தில் அவள் இல்லையே.

என் மகள் போனில் பார்க்கிற பொம்மைகள் எல்லாம் இப்போது தமிழிலேயே பேசுகின்றன. எந்த நாட்டுப் பொம்மையாக இருந்தாலும் சரி, சுத்தமான தமிழ். ஆனால் ஒன்றுகூட கல்லாவிக்குப் போவதில்லை.

நஸ்ரீன், இது எப்படியாவது உன் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுது. ஆற்றைத் தாண்டிப் போனவனுக்கு அம்மா கிடைத்தாளா?

கிடைத்தாள் என்று பொய்யாவது சொல்லுடி. நான் நம்புகிறேன்.