மூன்றாவது கணினியின் பெயர்

ஜிஜாவுக்கு முப்பத்தாறு வயது. வீடு பாறசாலைக்குத் தெற்கே, நடந்தே தமிழ்நாட்டுக்குள் போய்விடலாம். திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். மென்பொருளை எப்படி நிறுவுவது என்று பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வேலை. லினக்ஸுக்கு ஒரு வரி, மேக்குக்கு ஒரு வரி, விண்டோஸுக்கு ஒரு வரி. கறுப்புத் திரையில் அந்த வரியைத் தட்டினால் சரக்கு தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். உட்காராவிட்டால் எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க அவளை விட்டால் ஆளில்லை. என்ன பிரயோசனம்? போன வருடம் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு மாதமாக மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. பதில் போடக்கூட ஒருத்தனுக்கும் மனமில்லை.

கடைசியில் ஒரு கம்பெனி பரீட்சை வைத்தது. தங்கள் மென்பொருளை மூன்று வகைக் கணினியிலும் நிறுவிப் பார்த்து, கண்டதை எழுதி அன்று மதியம் மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். இதுவும் போனால் இனி மனுவே போடுவதில்லை என்று ஜிஜா முடிவு செய்திருந்தாள்.

வீட்டிலிருந்த பழைய கணினியில் லினக்ஸ். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மேக்குக்கு எங்கே போவது? அந்த வட்டாரத்தில் மேக் வைத்திருப்பது கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள்தான். பஸ் ஏறி நிபினின் ஸ்டுடியோவுக்குப் போனாள்.

“சேச்சி, இன்னைக்கு ஆல்பம் கொடுக்கணும். பத்து நிமிசம் மதியா?” என்றான் நிபின்.

பத்து நிமிடம் போதவில்லை. மேக்கில், சரக்கை இறக்கித் தருகிற நிரலையே முதலில் இறக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம், யாரோ ஒரு மணப்பெண்ணின் முகத்துக்கு மேலே எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. நிபின் பாவம், முனகவில்லை.

மூன்றாவது, விண்டோஸ். தம்பி ஈசாக் துபாயிலிருந்து வாங்கிக்கொண்டு வந்த மடிக்கணினி. அந்தப் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் வீடானாலும் ஆட்டோவானாலும் ஜெபம் செய்து, நெற்றியில் ஒரு வசனம் எழுதாமல் எடுக்கிற வழக்கமில்லை. கணினிக்கு ஏது நெற்றி? பயனர் பெயர் கேட்ட இடத்தில், அம்மா சத்தியபாய் சொல்லச் சொல்ல, ‘கர்த்தர் தந்தது’ என்று தமிழிலேயே அடித்து வைத்துவிட்டான் ஈசாக்.

ஜிஜா வரியைத் தட்டினாள். இறங்கிய சரக்கு பாதியில் நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் நின்றது. பிழைச் செய்தியில், கர்த்தர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஆங்கில எழுத்தில் இல்லாத பெயரை அந்த மென்பொருளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் வேறொரு கணக்குத் திறந்தால் பத்தே நிமிடத்தில் நிறுவிவிடலாம். ஒன்றும் நடக்காத மாதிரி ‘மூன்றிலும் வெற்றி’ என்று அனுப்பியும் விடலாம். ஆனால் ஒன்பது வருடமாக இடறுகிற கல்லைத் தேடித்தேடி எடுத்த கை அது. இதைக் கண்டுபிடிக்கத்தானே ஆள் தேடுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, எப்படித் திருத்தலாம் என்று அழகாக எழுதி, இரண்டரைக்கே அனுப்பினாள்.

“நல்லா செஞ்சிருக்கேன்மா,” என்றாள். இப்படி அவள் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

நாலு மணிக்குப் பதில் வந்தது. விண்டோஸில் நிறுவ உங்களால் இயலவில்லை. எங்கள் வாடிக்கையாளர் எவரும் இப்படிப் பெயர் வைப்பதில்லை. முயற்சிக்கு நன்றி.

அவ்வளவுதான். கண்டுபிடித்தவள் தலையிலேயே குற்றத்தைக் கட்டிவிட்டார்கள். ஜிஜாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

“என்ன மக்கா, கிட்டலியா?” என்று சத்தியபாய் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

ஜிஜா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வேற பேரு வச்சிருந்தா வேலை கிட்டியிருக்குமா?”

“கிட்டியிருக்கும்.”

“பின்ன மாத்தியிருக்கப்பிடாதா மக்கா? ஆண்டவருக்க பேராக்கும்னு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே.”

அம்மாவுக்காக மாற்றாமல் விட்டதாக அம்மா நினைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல ஜிஜா வாயெடுத்தாள். தன் வேலை மேல் இருந்த நம்பிக்கையில் விட்டேன் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள்.