மத்தளம் ஓய்ந்த நேரம்

அப்பா வந்திருந்தார். நான் இருந்தேன். மேடையில் தங்கச்சி. அம்மா மட்டும் இல்லை. குவைத்தில் யாரோ ஒருவரின் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்.

அன்று தங்கச்சிக்குச் சங்கீதத்தில் ஆசிரியர் தரப் பரீட்சை. சபைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கச்சேரி செய்யவேண்டும். முன்வரிசையில் மூன்று பரீட்சகர்கள். தேறினால் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான், அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்து அம்மா ஊருக்கு வருவதாக இருந்தது.

எங்கள் ஊரான உன்னிச்சையிலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்பாவின் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே ஒரு பூமாலை, ஆயிரம் ரூபாத் தாள் இரண்டு, குத்துவதற்கு ஊசி.

"இது எதுக்கப்பா?"

"என்ன மனே இப்பிடிக் கேக்கிறாய்? புள்ள மேடை ஏறுறாள். ஒருத்தரும் போய் மாலை போடாட்டி, பாட்டுக்காரிக்குச் சொந்தம் ஒண்டும் இல்லையோ எண்டு சனம் கேக்கும்."

"எல்லாம் முடிஞ்ச பொறகு போடலாம்."

"ஓம், ஓம். நீ படிச்சவன். நான் கூத்தாடினவன்."

பகிடி என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கூத்தில் ஆட்டத்தின் நடுவிலேயே சொந்தக்காரர் களரிக்குள் போய் மாலை போட்டு, நெஞ்சில் தாள் குத்திவிட்டு வருவார்கள். மத்தளம் சற்று ஓய்வதுதான் அதற்கு நேரம். இது எனக்குத் தெரியாததல்ல. கச்சேரியின் நடுவில் ஒருவரும் மேடை ஏறக்கூடாது என்று அப்போதே விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். கண்டக்டர் வந்தார், ரிக்கற் எடுத்தேன், பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மண்டபத்தில் அப்பாவைக் கடைசி வரிசையில் இருத்தினேன். அங்கேதான் காற்று வரும் என்று சொன்னேன். உண்மையில் அவருடைய சாரமும் கொலர் தேய்ந்த சேட்டும் எனக்குக் கூச்சமாக இருந்தன. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களுடன் நான் இரண்டாம் வரிசையில் போய் இருந்தேன்.

வர்ணம் நன்றாக அமைந்தது. அதன் பின் இரண்டு கீர்த்தனைகள். பரீட்சகர்களில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு தங்கச்சி கல்யாணியை ஆலாபனை செய்யத் தொடங்கினாள். மிருதங்கக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரலும் அதன் பின்னால் வயலினும் மட்டும். குரல் மேல்சட்சத்தை நெருங்கும்போது நான் கண்ணை மூடியிருந்தேன்.

செருப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். எழுந்து மறித்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவர்கள், "ஆரிவர்?" என்று கேட்டார்கள். நான் எழவில்லை.

மாலை கழுத்தில் விழுந்ததும் தங்கச்சியின் குரல் நின்றது. அப்பா குனிந்து அவளுடைய தோளில் தாள்களைக் குத்தினார். "பாடு மகள், நிப்பாட்டாத" என்றது மைக்கில் கேட்டது. சபை சிரித்தது. அவர் இறங்கிய பிறகு, விட்ட இடத்திலிருந்து அவள் மூன்று தரம் முயன்றாள். குரல் மேலே போகவில்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் கைகூப்பிவிட்டு எழுந்துவிட்டாள்.

"கச்சேரி முழுமையாகேல்ல. அடுத்த வருசம் வரட்டும்" என்றார் பரீட்சகர்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம்தான் கேட்டார்: "மத்தளம் நிண்ட பொறகுதானே மனே ஏறினன்?"

தங்கச்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவில எனக்குக் கோவமில்ல. நீ ஏன் அண்ணா அவரைப் பின்னுக்குக் கொண்டுபோய் இருத்தினாய்?"

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அம்மா அதே வீட்டில் இருக்க ஒப்புக்கொண்டார்; இரண்டு வருடத்துக்குக் குறைந்து ஒப்பந்தம் கிடையாது. போனில் அழவில்லை. மறுபடி பாட எவ்வளவு செலவு முடியும் என்று மட்டும் கேட்டார். பரீட்சைக் கட்டணம், மண்டபம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்: ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா.