கிராபிக்ஸ் கார்டு போட்ட சத்தமும் நான் போட்ட சத்தமும்

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன்.

இந்த வாராந்திரப் பக்கத்தில் இறாலைப் பற்றி எழுதியிருக்கிறேன். வாடைக்காற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் மூட்டுவலியைப் பற்றி ஒரு வாரம் முழுப் பக்கம் எழுதி உங்கள் பொறுமையைக்கூடச் சோதித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுத்ததும் முதலில் வந்து நிற்பது இந்த விஷயம்தான். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவேன். எட்டாவது படித்தவன் நாலு வரி எழுதுவதே பெரிது, இதில் தன் தப்பை வேறு எழுத வேண்டுமா... என்று ஒரு சமாதானம்.

போன செவ்வாய்க்கிழமை அந்தச் சமாதானமும் தீர்ந்துபோனது.

ஏரியிலிருந்து வந்து வலையை உதறிப் போட்டுவிட்டு டீயோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் வந்தார். அவருடைய மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடப் படிக்கிறாள்.

“அண்ணாத்த, எங்க ஊட்டு கம்ப்யூட்டரு ஒரு மாசமா கொடகொடன்னு கத்துது. கிராபிக்ஸ் கார்டுதான்னு சொல்லுது மருமவ. எங்க காட்டறது?”

“பொன்னேரில தாவீது கடை கீதே.”

“அந்தாளா? அவன்கிட்ட எவன் போவான்? புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டி உட்ருவான். இன்னா அண்ணாத்த தெரியாத மாதிரி சொல்ற... ஊருக்கே நீதான சொன்ன?”

டீ கசந்தது.

ஊருக்கே நான் சொல்லவில்லை. மூன்று பேர் எதிரில் சொன்னேன். ஒரே ஒரு முறை. ஆனால் ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்க எத்தனை முறை சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் தேவி படிப்பு முடித்து ஒரு வருடம் கம்பெனி வேலைக்குப் போனாள். விடியற்காலையில் வேன் வரும். பொழுதுக்கும் நின்றுகொண்டே வேலை. கால் இரண்டும் வீங்கி, அவள் அம்மா தினமும் வெந்நீர் ஊற்றுவாள். அதை விட்டுவிட்டு, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டாள். பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோ வேலை கொடுத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த தாவீதுதான் அவளுக்குக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தார். அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு.

“அது எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“படகுக்கு இன்ஜின் இல்ல நைனா? அது மாதிரி. இது இல்லன்னா வீடியோ நகராது” என்றாள்.

எனக்குப் புரியட்டும் என்று குழந்தை அப்படிச் சொன்னது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

எங்கள் வீட்டில் சோறு போடுகிற எதற்கும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. வலைக்கு, படகுக்கு, இன்ஜினுக்கு. இன்ஜினுக்குக் காட்டும்போது மேலோடு காட்டமாட்டோம். மூடியைத் தூக்கி, உள்ளே போகும்படி காட்டுவோம். மூடியின் மேல் மட்டும் காட்டினால் அது கங்கையம்மனுக்குக் கணக்கில் சேராது என்பது எங்கள் வழக்கம்.

இதுவும் இன்ஜின்தானே?

வெள்ளிக்கிழமை தேவியும் அவள் அம்மாவும் கோயிலுக்குப் போனதும், நான் சிபியு பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றுவேன். இரண்டே திருகு. தூபக்காலில் கொட்டாங்குச்சி நெருப்பைப் போட்டு, ஒரு பிடி சாம்பிராணியைத் தூவி உள்ளே காட்டுவேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கார்டில் இருக்கும் ஃபேன் புகையைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுக்கும். பார்க்கும்போது கண் கலங்கிவிடும். உயிரில்லாத பொருள், அம்மன் புகையை எவ்வளவு ஆசையாக வாங்கிக்கொள்கிறது பார்... என்று நினைப்பேன். பிறகு மூடியை மாட்டிவிடுவேன். வீடு முழுக்கப் புகை போடுகிற நாள் என்பதால் தேவிக்கு வாசனை வித்தியாசமாகத் தெரியாது.

ஆறு மாதம் போனது. பெட்டி லேசாக உர்ரென்றது. பிறகு கரகரவென்றது. வீடியோவை முடித்து ஒன்று சேர்க்கிற நேரத்தில் கத்து கத்தென்று கத்தும்; கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும். தேவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

திருஷ்டி என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமையும் சாம்பிராணி காட்டினேன்.

சத்தம் இன்னும் அதிகமாயிற்று.

இரண்டு கல்யாண வேலை தள்ளிப்போனது. மூன்றாவதும் தள்ளினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்கள். காலையில் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது தேவி தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பெற்றவனுக்கு அது போதாதா?

அப்போதுதான் என் வைத்தியத்தைக் காட்டினேன். படகு இன்ஜினில் கோளாறு என்றால், ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இரும்பில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்போம். எந்த இடத்தில் தேய்கிறது என்று சத்தமே சொல்லும். சிபியு பெட்டியிலும் அப்படியே வைத்துக் கேட்டேன். கரகர... கரகர... எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பல வருடம் ஓடித் தேய்ந்த பேரிங் போடுகிற சத்தம். ஆறு மாத இன்ஜின் இப்படிக் கத்தாது.

அப்படியென்றால்? புதியது என்று சொல்லிப் பழையதை மாட்டிவிட்டான்!

முப்பது வருடம் இன்ஜினுக்குக் காது கொடுத்தவன் தப்பாகச் சொல்வேனா? அந்தத் திமிரோடு பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, தேவியோடு பஸ் ஏறினேன்.

கடையில் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் போன் ரிப்பேருக்காக நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. இது மனித சுபாவம் போல... ஆள் இருந்தால்தான் நமக்கு நியாயமும் அதிகமாக வருகிறது.

“இன்னாய்யா, புது கார்டுன்னு சொல்லி பழசை மாட்டி உட்டுட்டியே. பொண்ணு வேலை போவப்போவுது. மேல ஒருத்தி பாத்துக்கினு கீறா, ஞாபகம் வெச்சிக்க.”

தேவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நைனா, சும்மா இரு.”

தாவீது கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “கழட்டிப் பாத்துட்டு அப்பறம் திட்டுங்கண்ணா. திட்டு எங்க போயிடப்போவுது, இங்கயேதான் இருக்கும்.”

ஊர்க்காரர்கள் மூவரும் பழவேற்காடு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்கள். நான் சொன்னதும் அவர்களோடு பஸ் ஏறியது. பிறகு நடந்ததைப் பார்க்க அவர்கள் இல்லை.

தாவீது மூடியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ஓடவிட்டார். கடையே அதிர்ந்தது. அவர் காது குடைகிற பட்ஸ் ஒன்றை எடுத்தார். உள்ளே நாலைந்து ஃபேன். ஒவ்வொன்றின் நடுக்குமிழிலும் பஞ்சு முனையை மெல்ல வைத்து ஒரு நொடி நிறுத்துவார், விடுவார். பின்பக்க ஃபேனை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. அதற்கு அடுத்தது... நிற்கவில்லை. கிராபிக்ஸ் கார்டில் இருந்த இரண்டில் முதலாவதைத் தொட்டார்.

கடை அமைதியானது.

விட்டார். கரகர.

கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கி, கார்டின் திருகை எடுத்து, அடியில் இருந்த கொக்கியை அழுத்தி அதை உருவினார். ஃபேன் இறக்கைகளில் கறுப்பாக, தார் போல ஒரு பூச்சு. அடியில் இருந்த தகட்டுச் சந்துகள் எல்லாம் அடைத்துக்கொண்டு மூச்சுவிட இடமில்லை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் துடைத்தார். முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்; பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம்.

எனக்கும் அந்த வாசனை வந்தது. நன்றாகவே வந்தது.

“இன்னாண்ணா அது?” என்றாள் தேவி.

“உப்புக்காத்தும்மா. ஏரி ஓரத்துல இருந்தா இப்பிடித்தான் பிடிக்கும்” என்றார் தாவீது.

அவள் ஸ்டுடியோவுக்குப் போன் செய்ய வெளியே போனாள். அவர் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“வெள்ளிக்கெழம சாம்பிராணி பெட்டிக்கு உள்ளயே போடுவீங்களாண்ணா?”

நான் போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

“சாமிக்குப் போடுங்க. இதுக்கு வெளியவே ஒரு பொட்டு வெச்சா போதும். இது பொகைய உள்ள இழுக்கும், வெளிய உடாது.”

“பொண்ணுகிட்ட...”

“அதான் உப்புக்காத்துன்னு சொல்லிட்டேனே. பெத்த பொண்ணு எதிர்ல அப்பன எறக்கக்கூடாதுண்ணா.”

நான் அவரை மூன்று பேர் எதிரில் இறக்கினேன். அவர் என்னை ஒருத்தி எதிரில்கூட இறக்கவில்லை.

பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்தார். ஃபேனின் நடுவில் இருந்த ஸ்டிக்கரை உரித்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். சூடு இறங்குவதற்காகத் தடவும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது; அதைச் சுரண்டிவிட்டு, சந்தனம் வைக்கிற அளவுக்குப் புது பேஸ்ட் வைத்தார். மாட்டி ஓடவிட்டார். ஓடுகிறதா என்று தெரிய நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. தேவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கல்யாண வீடியோ சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. அவள் மறுபடி வேன் ஏறவில்லை, இன்றுவரை ஏறவில்லை.

இவ்வளவு நடந்தும் நான் அவரிடம் ஒரு மன்னிப்பு கேட்கவில்லை. ‘வரேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் என் வார்த்தை வளர்ந்தது. பழைய கார்டு என்றது திருட்டுக் கார்டு ஆனது. அடுத்த வருடம் மீன் ஏலம் போடும் இடத்தில் ஒருவர் சொல்கிறார், தாவீது ஆந்திராவிலிருந்து திருட்டு சாமான் கொண்டுவந்து எளாவூர் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டாராம். எனக்கே புதிய செய்தி. வாயைத் திறந்தேன்... நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, அவர் கடை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டினேன். உண்மையைச் சொல்வதைவிடக் கற்பூரம் ஏற்றுவது சுலபம். மூன்று வருடம் ஏற்றினேன்.

போன புதன்கிழமை ஏகாம்பரத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். கடை பாதியாகியிருந்தது. மறுபாதியில் யாரோ ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறார்கள். தாவீதுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“பொண்ணு கார்டு சத்தம் போடாம ஓடுதாண்ணா?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஏகாம்பரம் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிராணி, மூடி, அவர் சொன்ன உப்புக்காற்று, நான் மூடிக்கொண்ட வாய்.

தாவீது கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“தெரியும்ணா. எளாவூர் கதையும் வந்துச்சு. என் சம்சாரமே ஒரு நாளு கேட்டுச்சு, நெசமான்னு.”

“ஊர்ல சொல்லிடறேன் தாவீது. நான் எழுதற எடத்துலயும் எழுதறேன்.”

“எழுதுங்க. ஆனா உத்தமன், தெய்வம்னு எதையாவது சேக்காதீங்க. சேத்தா இதுவும் கதைன்னுடுவாங்க. நடந்தத சொல்லுங்க, போதும்.” பிறகு களைப்பாகச் சொன்னார்: “ரெண்டு வருசம் முன்ன சொல்லியிருந்தா அந்தப் பாதி கடையும் இருந்திருக்கும்ணா.”

ஏகாம்பரம் கொண்டுவந்திருந்த பெட்டியை நான் மேசை மேல் தூக்கி வைத்தேன்.

தாவீது அதைத் திறந்தார். ஒரு வயர் தளர்ந்து கார்டின் ஃபேனில் உரசிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கி, ஒரு பிளாஸ்டிக் டேக்கால் கட்டினார். முடிந்தது வேலை.

“இதுக்கா ஒரு மாசம் அந்தக் கத்தலைக் கேட்டுக்கினு கெடந்தோம்?” என்றார் ஏகாம்பரம். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

திரும்பும்போது பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டியது. ஏகாம்பரம் மெல்ல, “ஏன் அண்ணாத்த... கம்ப்யூட்டருக்கு உள்ளயா சாம்பிராணி போட்ட?” என்று ஆரம்பித்தவர் பழவேற்காடு வரும்வரை சிரித்தார். சிரிக்கட்டும்.

அன்று சாயங்காலம் தேவியிடமும் சொன்னேன். சாம்பிராணிக்கு அவள் கோபப்படவில்லை. “நீ கத்தின வெக்கத்துல நானும் அந்தண்ணன் கடைப் பக்கம் நாலு வருசமா போவல நைனா. நானாவது போயிருக்கலாம்” என்றாள். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவளே ஒரு பொட்டு சந்தனம் கொண்டுவந்து பெட்டியின் வெளிப்பக்கம் வைத்தாள். நான் தூபக்காலை சாமி படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இதைப் படிக்கிறவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். தாவீது மாட்டியது புது கார்டு. அதைக் கெடுத்தவன் நான். பழியைப் போட்டவனும் நான். உண்மை தெரிந்தும் நான்கு வருடம் சும்மா இருந்தவனும் நான். இதை அப்படியே சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

முக்கியமாக, கதை முடிகிற இடத்தில் என்னை நல்லவனாக்கிவிட வேண்டாம்.