மூன்று தலை முதலையின் கணக்குகள்

கணக்குப் புத்தகத்தில் எப்போதும் யாராவது ஒருவர் மாம்பழம் வாங்கிக்கொண்டே இருப்பார். இந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு எரிச்சல் வரும். என் தங்கையின் மகளுக்கோ அழுகை வரும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் பெருக்கல் என்றால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுவாள். அச்சுவேலியில் ரியூசனுக்கு விட்டுப் பார்த்தேன். வயிற்றுவலி கூடியதுதான் மிச்சம்.

தங்கையும் கணவரும் கனடா போனபோது பிள்ளை கைக்குழந்தை. அங்கே விசா அலுவல்கள் முடிந்து கூப்பிடும்வரை என்னிடம் இருக்கட்டும் என்றார்கள். நான் கல்யாணம் கட்டாதவள். புத்தூர் வீட்டில் நானும் அவளும்தான்.

அவளுக்காக ஒரு முதலையை உண்டாக்கினேன். மூன்று தலை, இரண்டு சிறகு. ஒவ்வொரு தலைக்கும் ஒரு நேரத்துக்கு ஆறு பனங்கிழங்கு வேண்டும். குறைந்தால் தலைகள் ஒன்றையொன்று கடிக்கும். கடிபடாமல் காப்பாற்ற அவள் அவசர அவசரமாகப் பெருக்கினாள். கிழங்கைப் பங்கிடப் போய் வகுத்தலும் வந்துவிட்டது.

கழித்தலில்தான் மாட்டிக்கொண்டேன். கதைக்குள் தேவதைகளைக் கொண்டுவந்து, சிலரை முதலை விழுங்கிவிட்டது என்றதும் ஓவென்று அழுதாள். சரி, விழுங்க வேண்டாம் என்று அவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பினேன்.

“பன்னிரண்டு தேவதையள். அஞ்சு பேர் கனடா போயிட்டினம். இப்ப எத்தினை பேர்?”

“பன்னிரண்டு.”

“எப்பிடியடி?”

“போனவையும் எங்கடை ஆக்கள்தானே பெரியம்மா.”

எனக்குப் பிழை போட மனம் வரவில்லை. சோதனையில் மட்டும் இப்படி எழுதிவிடாதே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாலாம் வகுப்பின் நடுவில் விசா வந்தது. வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பெட்டி அடுக்கும்போது தங்கைமேல் கோபம் கோபமாக வந்தது. பெற்றவள் தன் பிள்ளையைக் கூப்பிடுகிறாள், உனக்கென்னடி கோபம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில், கனடாவுக்குப் போகிற உறவுக்காரர் ஒருவரிடம் அவளைக் கையளித்துவிட்டுத் திரும்பினேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் உயிரோடு இருந்தேன். வெங்காயத் தறையில் களை பிடுங்கிக்கொண்டே கிழமை முழுக்க முதலைக்குப் புதுக் கணக்குக் கட்டுவேன். ஞாயிறு மாலையில் வட்ஸ்அப்பில் முகம் தெரிந்ததுமே, “முதலைக்கு என்ன நடந்தது?” என்பாள். வேறு ஒன்றும் நாங்கள் கதைத்ததில்லை. அதுவே ஒரு மணித்தியாலம் ஓடும்.

போன ஞாயிறு முதலைக்கு நாலாவது தலை முளைத்த கதையோடு ஆயத்தமாக இருந்தேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, என் மனம் நோகக்கூடாதே என்பதுபோல மெல்லச் சொன்னாள்.

“பெரியம்மா, எனக்கு இப்ப கணக்கு நல்லா வரும். கதை இல்லாமலே செய்வன்.”

“கெட்டிக்காரி,” என்றேன். இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன். சந்தோசப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவள் திரையில் அங்குமிங்கும் பார்த்தாள். சொல்ல எதையோ தேடுகிறாள் என்று விளங்கியது. கடைசியில், வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிற எல்லாச் சொந்தக்காரரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

“சாப்பிட்டீங்களோ பெரியம்மா?”