‘போய்விட்டவர்’ என்ற தலைப்பு வந்த ஞாயிறு

பத்தாம் வகுப்போடு நின்றுபோனவள் கவிதையைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைதான் என்னை அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவை நடத்துகிற அக்கா தினமும் காலையில் ஒரு சொல் அனுப்புவார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு கவிதை எழுதி அனுப்ப வேண்டும். மாதம் முழுக்க ஒருநாளும் விடாமல் எழுதுகிறவர்களின் கவிதைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுவார்கள். என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான். எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஆசை வந்துவிட்டது.

ஆசை வந்தால் போதுமா, உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. இறால் கம்பெனியில் தலை கிள்ளி ஓடு உரிக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடந்த விரல், வீட்டுக்கு வந்து தொட்டால் போனுக்கே தெரியாது. சேலையில் தேய்த்துச் சூடு ஏற்றிய பிறகுதான் எழுத்து விழும். காலையில் பார்த்த சொல்லை மனதில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே உரிப்பேன். எனக்கு ஒரு பழக்கம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அடுத்த வரி வரும். மனசுக்குள்ளேயே எழுத எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவள், “என்னளா, இறாலுக்கு ஜெபமாலை சொல்லுதியா?” என்று கேலி செய்வாள். நிலா, ஜன்னல், தூக்கம் என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. தூக்கம் என்ற சொல்லுக்கு எழுதிய அன்று பாதியிலேயே தூங்கிவிட்டு, பதறி எழுந்து முடித்து அனுப்பினேன். மாதக் கடைசி நெருங்க நெருங்க, காலையில் போனைத் திறப்பதே இன்னொரு கூடை இறாலைக் கொண்டுவந்து முன்னால் கொட்டுவதுபோல இருந்தது.

என் கணவர் தோணியில் எஞ்சின் பார்க்கிறவர். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி. கரை மறைந்துவிட்டால் அங்கே போய்ச் சேரும்வரை போன் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அவர் தோணியில் கால் வைத்த நேரத்திலிருந்து, யார் கேட்டாலும் போயிருக்கிறார் என்று சொல்ல மாட்டோம். ‘வாராரு’ என்றுதான் சொல்வோம். தோணி அப்போதுதான் நங்கூரம் எடுத்திருந்தாலும் வாராருதான். கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் ‘போயிட்டாரு’ என்று சொல்லிவிட்டேன். மாமியார் அன்று என்னோடு பேசவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததாக நினைவில்லை. பெரியவர்களுக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோணி கடலில் இருந்தது. சேர வேண்டிய நாள் தாண்டியிருந்தது. காற்று மாறினால் அப்படி ஆவது வழக்கம்தான். அன்று காலையில் வந்தது அந்த மாதத்தின் கடைசிச் சொல், ‘போய்விட்டவர்’.

கோவிலுக்குப் போய்விட்டு வந்து, மீன் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்து இப்படி எழுதி அனுப்பினேன்:

பால்காரர் கேட்டார், வாராரு என்றேன்.
பக்கத்து வீட்டில் கேட்டார்கள், வாராரு என்றேன்.
ஆணியில் தொங்குகிற சட்டை ஒன்றும் கேட்கவில்லை.
அதற்கும் சொன்னேன், வாராரு.

அந்த மாதம் எழுதியதில் சிரமப்படாமல் வந்தது அது ஒன்றுதான். மத்தியானம் அந்த அக்காவிடமிருந்து பதில் வந்தது. நன்றாக இருக்கிறது சகோதரி, ஆனால் இதில் யாரும் போகவே இல்லையே, தலைப்புக்குப் பொருந்தவில்லை, போனவரைப் பற்றி வேறு எழுதுங்கள், இல்லையென்றால் இன்றைய கணக்கில் சேர்க்க முடியாது என்று எழுதியிருந்தார். கோபமாக எழுதவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி, அவர் என்ன செய்வார்.

நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் பூண்டு உரித்தபடி, “ஏளா, காலையில இருந்து அதுக்குள்ள என்ன மீனா பிடிக்க?” என்றார். அதுவரை அவரிடம் கவிதை எழுதுவதைச் சொன்னதில்லை. அன்று சொல்லிவிட்டேன். என்ன சொல் வந்திருக்கிறது என்பதையும், புத்தகத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் மடியில் கிடந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டார். “எழுதிட்டுப் போயேன்” என்றார்.

“நீங்கதான மாமி சொல்லக் கூடாதும்பீய.”

“வாயால சொல்லக் கூடாதுன்னேன். எழுதக் கூடாதுன்னா சொன்னேன்? கடலுக்கு வாசிக்கவா தெரியும்?”

அவரே சிரித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. புத்தகத்தில் என் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்றுகூட நினைத்தேன்.

போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ‘அவர்’ என்று அடித்தேன். அடுத்த சொல் எனக்கு வாயில் வந்தால்தான் விரலுக்கு வரும். உதட்டை இறுக்க மூடிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கேயோ வாசித்த வரிகளை வைத்து ஒப்பேற்றலாமா என்று பார்த்தேன், அதையும் முணுமுணுக்காமல் முடியவில்லை. ‘போ’ என்ற எழுத்து உதடு பிரியும் இடம் வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நிலக்கரி லாரிகள் துறைமுகச் சாலையில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு ஓய்வில்லை.

ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வந்ததும் மாமியார் கூப்பிட்டார். ‘அவர்’ என்ற சொல்லையும் அழித்துவிட்டு உள்ளே போனேன்.

“எழுதியாச்சா?” என்றார்.

“இல்ல மாமி. எனக்கு வாயால சொல்லாம எழுத வராது.”

அவர் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

மறுநாள் மத்தியானம் தோணி மாலத்தீவு போய்ச் சேர்ந்துவிட்டதாக அதன் முதலாளி வீட்டிலிருந்து மாமியாருக்கு போன் வந்தது. புத்தகத்தில் பெயர் வரப்போகிறவர்களின் வரிசையைக் குழுவில் போட்டிருந்தார்கள், அதில் நான் இல்லை. கம்பெனிக்கு இறால் நிறைய வந்திருந்ததால் வீடு திரும்ப நேரமாகிவிட்டது.