நாலாவது சர்வருக்கு வாய் வைக்காமல் போன சேகர்

சேகர் இறந்த செய்தி போனில் வந்தபோது தியாகராய நகர் ஆபீசில் நான்கு பேர் இருந்தோம். மேனேஜர் ராமநாதன், போனை எடுத்த ஸ்டெல்லா, சேகரின் நாற்காலியில் முரளி, துடைப்பமும் கையுமாக நான். மேனேஜர் “அடப்பாவமே” என்றார். ஸ்டெல்லா அழுதாள். முரளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடையாறில் அவன் அக்கா வீட்டுக்கு ஆபீசிலிருந்து போனது நான் ஒருத்திதான். “நீங்க யாரும்மா?” என்று அக்கா கேட்டாள். “கூட வேலை செஞ்சவ” என்றேன்.

சேகர் ஆபீசில் யாரோடும் அதிகம் பேசமாட்டான். நான் கூட்ட வரும்போது மட்டும் பேசுவான். பரீட்சை முடிவைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று ஊர் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. அந்த முடிவுகளைக் காட்ட எங்கள் ஆபீசின் குளிர் அறையில் நான்கு சர்வர்கள். பார்க்க வருகிறவர்களை நான்குக்கும் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு பெட்டி. எது திணறுகிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சமமாகவே அனுப்பும். அதனால் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் அதன் நிலைமையைப் பெட்டிக்குச் சொல்லும் ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராமை சேகர் எழுதி வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா நைனா, பொட்டியாண்ட தனியா பேசிக்கினு கீறே?”

“நான் பேசல ஆயா, இதைப் பேச வெக்கிறேன். முழுசா தாங்குமா, பாதிதான் தாங்குமான்னு இதுவே சொல்லணும்.”

“சுத்தமா முடியலன்னா?”

“அதுல ரெண்டு இருக்கு. ‘விழுந்துட்டேன், என்னை விட்டுடு’ன்றது ஒண்ணு. ‘புதுசா அனுப்பாதே, கையில இருக்கறத முடிச்சுக் குடுத்துடறேன்’றது இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா உள்ள இருக்கறவங்க பாதியில அறுந்துபோவாங்க.”

“எங்க வூட்ல எவனும் இவ்ளோ தெளிவா சொன்னதில்லப்பா” என்றேன். சிரித்தான். அவனுக்குக் கீழே வேலை பார்த்த முரளியையும் பக்கத்தில் உட்காரவைத்து இதையேதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

மூன்று சர்வர்களுக்கு எழுதி முடித்த சமயத்தில், சேகருக்கு இதயம் பழுது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மேனேஜர் முன்னால் போய் நின்றான். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“புது வேலை வேணாம் சார். நாலாவது சர்வரை முடிச்சிட்டு நானே போறேன். பத்து நாள் குடுங்க.”

மேனேஜர் முரளியைக் கூப்பிட்டார். “முடியலன்னா நிறுத்திக்க வேண்டியதுதானே? முடிச்சிட்டுப் போறதும் இப்பவே போறதும் ஒண்ணுதானேப்பா?”

முரளி சேகரைப் பார்த்தான். பிறகு, “ஒண்ணுதான் சார். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றான்.

அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாடிப்படியில் சேகர் என்னிடம், “நாலாவதுக்கு இன்னும் வாய் வெக்கல ஆயா” என்றான். அவனிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. முரளி அதை எழுதவே இல்லை. பரீட்சை முடிவு வந்த நாளில் மூன்று சர்வர்களும் தங்களால் எவ்வளவு முடியும் என்று சொல்லிச் சொல்லித் தாங்கின. நாலாவது ஒன்றும் சொல்லாமல் விழுந்தது.

“ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சான்னு தெனமும் கேப்பான்மா” என்றாள் அக்கா, அன்று அடையாறில். எங்களில் யாரும் போன் செய்யவில்லை. எனக்கு அக்கா வீட்டு நம்பர் தெரியாது, ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கலாம்.

இன்றும் அந்த அறையைக் கூட்டுகிறேன். நாலாவதன் முன்னால் வந்ததும் கை தானாக நிற்கிறது. “இன்னா நைனா, தாங்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் குனிகிறேன். சேகர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.

மேனேஜரை விட்டுவிட்டேன். முடித்துவிட்டுப் போவதற்கும் உடனே போவதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாது, கேட்டார். தெரிந்தும் ‘ஒண்ணுதான்’ என்றவன் முரளி. அவனை மன்னிக்க மாட்டேன்.